முந்நூத்திப் பன்னெண்டு போர்ட்டு

எழவு வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்களான்னு கேட்டீங்க. இல்லீங்ணா. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்கூட ஆஸ்பத்திரியில வேலை பாத்த ஒரு அம்மிணியைப் பாத்துட்டு வர்றேன். கோமங்கலத்துக்கிட்ட வீடு. நல்லாத்தான் இருக்குது. டீ வெச்சுக் குடுத்துச்சு, குடிச்சுட்டு பஸ் ஏறிட்டேன். மூஞ்சி அப்படித் தெரியுதுன்னா வெயிலுங்க.

வசந்தாமணின்னு பேரு. ஒம்பது வருசம் எங்கிட்ட வேலை பாத்துச்சு. நான் நெட்வொர்க் மேனேஜருங்க. திருமூர்த்தின்னு சொன்னா எங்க ஆஸ்பத்திரியில வாட்ச்மேன் மொதக்கொண்டு தெரியும். நாலு பிளாக்கு, அறுநூறு கட்டிலு. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, கேஸ் நடக்குது.

கேஸ் எம்மேல இல்லீங்க. ஆஸ்பத்திரி மேல.

சொல்றேன். உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லீன்னாலும் புரியும். லேப்ல ரத்தம் பாத்தா ரிசல்ட்டு வார்டுத் திரையில வரோணும். எக்ஸ்ரே எடுத்தா டாக்டர் ரூம்ல தெரியோணும். இதய வார்டுல படுத்திருக்கறவங்களுக்குத் துடிப்பு எப்படி ஓடுதுன்னு நர்ஸ் மேஜை மேல ஒரு பெரிய திரையில வந்துக்கிட்டே இருக்கோணும். அதுக்கெல்லாம் தனித்தனி வயரா இழுக்க முடியும்? ஒரே வயர்தான். அதுக்குள்ளயே தடம் தடமாப் பிரிச்சு உட்ருவோம். எங்க பாஷையில வீலேன்னு பேரு, நான் தடம்னே சொல்றேன். வெயிட்டிங் ஹால்ல உக்காந்து போன்ல படம் பாக்கறவனுக்கு ஒரு தடம், லேபுக்கு ஒரு தடம், மானிட்டருக்கு ஒரு தடம். ஒண்ணோட ஒண்ணு கலக்காது.

பிரிச்சுக் குடுக்கற பெட்டிக்கு சுவிட்ச்சுன்னு பேரு. லைட்டு சுவிட்ச் இல்லீங்க, இத்தன நீளம் பெட்டி, முன்னாடி வரிசையா ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு போர்ட்டு. சாதாப் போர்ட்டுல ஒரே ஒரு தடம்தான் போகும். ரெண்டு சுவிட்ச்சைச் சேத்துக் கட்டற போர்ட்டுல எல்லாத் தடமும் போகும். அதுக்கு ட்ரங்க்குன்னு பேரு. அவ்வளவுதான். இது தெரிஞ்சாப் போதும்.

நான் எப்படி அமைச்சிருந்தேன்னா, எந்தப் போர்ட்டுல வேணும்னாலும் ஒரு சுவிட்ச்சைக் கொண்டாந்து சொருகுங்க. அந்தப் போர்ட்டே, 'நீயும் சுவிட்ச்சா'ன்னு கேக்கும். ஆமான்னா தானா ட்ரங்க்கா மாறிக்கும். அப்புறம் என்னென்ன தடம் இருக்குதுங்கற பட்டியலையும் சுவிட்ச்சுகளே ஒண்ணுக்கொண்ணு பேசி வாங்கிக்கும். பட்டியலுக்கு ஒரு நம்பர் உண்டு, மாத்த மாத்த ஏறும். எதுகிட்டப் பெரிய நம்பர் இருக்குதோ அது சொல்றதை மத்ததெல்லாம் கேட்டுக்கும். நான் என்ர சீட்ல உக்காந்து ஒரு தடம் சேத்தன்னா நாப்பது சுவிட்ச்சுலயும் போய் உழுந்துரும். அருமையான ஏற்பாடுங்க. ஈரோட்ல இருந்தெல்லாம் பாக்க வந்தாங்க.

வசந்தாமணிக்குத்தான் அது புடிக்கலை.

பாலிடெக்னிக் படிச்ச புள்ள. ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டு நாலு பிளாக்கும் நடக்கும். நான் அதைத் தங்கச்சி மாதிரித்தான் வெச்சிருந்தேன், யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஒருநா வந்து நிக்குது.

"சார், வெயிட்டிங் ஹால்ல சோபாவுக்குப் பின்னாடி ஒரு போர்ட்டு சும்மா கெடக்குது. யாரு வந்து எதைச் சொருகினாலும் அதும் ட்ரங்க் ஆயிரும் சார். யாரு நீன்னே கேக்காது."

"அங்க யாரு அம்மிணி சுவிட்ச்சைத் தூக்கிட்டு வரப் போறான்?"

"வந்துட்டா சார்? பட்டியலே போயிருமே. சாதாப் போர்ட்டையெல்லாம் சாதாவாவே நிறுத்திப் போடலாம். ட்ரங்க் எங்க வேணுமோ அங்க மட்டும் நாமளே கையில போடலாம். பட்டியல் தானா மாத்திக்கறதையும் நிறுத்திரலாம் சார்."

அப்ப டீ குடிக்க எல்லாரும் ரூம்ல இருந்தாங்க. "இந்தப் புள்ளைகிட்டக் குடுத்தா ஆஸ்பத்திரிக்கே பூட்டுப் போட்டுருமாட்ட இருக்குது"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதும் சிரிச்சுது. தமாசுக்குத்தான் சொன்னேன், மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டுச் சொல்லலீங்க.

ஆனா அந்தப் புள்ள அதோட உடலை. மூணு வாரம், வேலை முடிஞ்சப்புறம் ஏணியோட ஒவ்வொரு பிளாக்காப் போயி, எந்தப் போர்ட்டுல என்ன சொருகியிருக்குது, எது சும்மா கெடக்குதுன்னு ஒரு லாங் சைஸ் நோட்டுல எழுதிக் கொண்டாந்துச்சு. சாதாவா நிறுத்தி மூட வேண்டிய போர்ட்டு முந்நூத்திப் பன்னெண்டுன்னு கணக்கு. ஒவ்வொண்ணுக்கும் நேரா என்ன பண்ணோணும்னு சிவப்பு மையில எழுதியிருந்துச்சு. நல்ல கையெழுத்துங்க, அச்சடிச்சாப்பல இருக்கும். "பாக்கறேன், வெச்சுட்டுப் போ"ன்னேன். பாக்கத்தான் இருந்தேன். அந்த மாசம் இன்ஸ்பெக்சன், அடுத்த மாசம் புது பிளாக் தொறப்பு. வேலைன்னா வேலை உங்களுக்குத் தெரியாததா?

ஆவணி மாசங்க அது. வியாழக்கிழமை. காலையில பதினொண்ணரை இருக்கும். மூணாவது மாடி மீட்டிங் ஹால்ல ரத்ததான முகாம். எட்டு கம்ப்யூட்டர் வேணுங்கறாங்க. வசந்தாமணி போன் பண்ணுது.

"சார், ஹால்ல போர்ட்டு பத்தாது. புது சுவிட்ச்சும் இல்ல. ஸ்டோர்ல பழைய கட்டடத்துச் சுவிட்ச் ஒண்ணுதான் கெடக்குது."

"அதையே போடு."

"உள்ள இருக்கறதை அழிச்சாச்சுங்களா சார்? இல்லீன்னா சித்த நேரம் குடுங்க, நான் அழிச்சுட்டுப் போடறேன்."

"அழிச்சுத்தான் இருக்கும் அம்மிணி. போடு, காலேஜ் புள்ளைக வந்து வரிசையில நிக்குதுக."

பாத்தீங்களா, 'அழிச்சுத்தான் இருக்கும்'னு சொன்னேன். 'அழிச்சாச்சு'ன்னு சொல்லலீங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதில்லீங்க?

அந்தப் பழைய சுவிட்ச்சுல ரெண்டு வருசம் முன்னாடி நான்தான் ஒரு பரீட்சைக்குப் படிச்சேன். தடம் சேக்கறது, அழிக்கறது, சேக்கறது, அழிக்கறது. கடைசியா எல்லாத் தடத்தையும் அழிச்சுட்டுத்தான் எடுத்து வெச்சேன். அதான் அழிச்ச ஞாபகம். தடத்தை அழிச்சிருக்கேன், பெட்டியை அழிக்கலை. இத்தன தடவை மாத்துனதுல நம்பரு நூத்தி எம்பதுக்கு மேல ஏறி உக்காந்திருக்குது. ஆஸ்பத்திரிப் பட்டியலோட நம்பரு அறுபத்தி மூணு. பரீட்சையில பாஸ் பண்ணுனனுங்க. மொத அட்டெம்ப்ட்டு.

சொருகுச்சு. போர்ட்டு தானா ட்ரங்க் ஆச்சு. பழைய பெட்டி, 'எங்கிட்ட நூத்தி எம்பது, தடம் ஒண்ணும் கெடையாது'ன்னு சொல்லுச்சு. நாப்பது சுவிட்ச்சும் சரின்னு கேட்டுக்கிச்சு. அரை நிமிசம்கூட ஆகலை. லேபு போச்சு, எக்ஸ்ரே போச்சு, மருந்துக்கடை போச்சு. போனும் அதே வயர்ல ஓடறதுனால போனும் போச்சு.

அந்தப் புள்ளைக்கு ஒடனே தெரிஞ்சுருச்சு. பெட்டியைப் புடுங்கிப் போட்டுட்டு மூணு மாடி எறங்கி ஓடியாருது. கால்ல செருப்பு இல்ல. "சார், பட்டியல் போயிருச்சு. பேக்கப்பு எங்க சார்?"

பேக்கப்புன்னு எடுத்து வெச்ச நகல் எட்டு மாசத்துக்கு முந்துனதுங்க. புது பிளாக்கே அதுல இல்லை. நான் கீபோர்டு முன்னாடி உக்காந்தேன். அது பக்கத்துல நின்னு மனப்பாடமாச் சொல்லுச்சு. "பத்து, லேப். இருவது, எக்ஸ்ரே. முப்பது, மானிட்டர். அதை மொத அடிங்க சார், மானிட்டரை மொத அடிங்க." நான் வரிசையாத்தான் அடிச்சேன். வரிசையா அடிச்சாத்தானே எதும் உட்டுப் போகாது?

நாப்பத்தி ஏழு நிமிசம். நாப்பத்தி ஏழே நிமிசத்துல ஒரு முழு ஆஸ்பத்திரியை எழுப்பி நிறுத்துனோம். வேற எடமா இருந்தா ஒரு நாளாயிருக்கும்.

ரெண்டாவது மாடி இதய வார்டுல, கடைசி ரூம்ல, கிட்டுசாமின்னு ஒருத்தர். ரிட்டையர்டு கண்டக்டர். அறுபத்தியொரு வயசு. மறுநாள் டிஸ்சார்ஜுன்னு சொல்லியிருந்தாங்களாம். நர்ஸ் மேஜைத் திரையில ஒண்ணும் ஓடலை. கட்டில் பக்கத்து மிசின் கத்தியிருக்குது, ஆனா ஏசி ரூம், கதவு சாத்தியிருக்குது. நர்ஸுகளும் பாவம், ஒவ்வொரு ரூமாப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்திருக்காங்க. அது கடைசி ரூமு. அவரு சம்சாரம் கீழ மருந்து வாங்க வந்து, கம்ப்யூட்டர் வேலை செய்யலைன்னு வரிசையிலயே நின்னுட்டு இருந்திருக்குது. மேல போனப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு.

டாக்டரே சொன்னாருங்க, மானிட்டர் ஓடியிருந்தாலும் பொழைச்சிருப்பாருன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு. அதை நான் எழுதி வாங்கி வெச்சிருக்கேன்.

நாலு நாள் கழிச்சு விசாரணை. சூப்பிரண்டு டாக்டரு, ஆபீஸ்ல ரெண்டு பேரு, நானு. வசந்தாமணியைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேட்டாங்க.

"பழைய சுவிட்ச்சை ஏம்மா போட்டே?"

"சார்கிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டனுங்க. போர்ட்டெல்லாம் மூடோணும்னு முன்னாடியே நோட்டு எழுதிக் குடுத்திருக்கனுங்க."

எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. நான் என்னங்ணா சொல்றது? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக, பெரியவ அப்பத்தான் காலேஜ் சேந்திருக்குறா. "அப்படி ஒரு நோட்டு எனக்கு ஞாபகம் வரலீங்க டாக்டர்"னேன். ஞாபகம் வரலைன்னுதான் சொன்னேன். குடுக்கலைன்னு சொல்லலீங்க. அந்தப் புள்ள மேல பொய் சொல்ல எனக்கு மனசு வரலை.

அது ஒருதரம் என்னையப் பாத்துச்சு. அப்புறம் தரையைப் பாத்துச்சு. அதுக்கப்புறம் அவங்க கேட்டதுக்கெல்லாம் ஒண்ணும் பேசலை. பேசியிருக்கலாம். அந்த எடத்துல பேசியிருந்தா வேற மாதிரி ஆயிருக்குமோ என்னமோ. பேசாம நின்னா தப்புன்னுதான எழுதுவாங்க? "சரி பண்ணுனது யாரு"ன்னு ரிப்போர்ட்டுல ஒரு எடம் இருந்துச்சு. நெட்வொர்க் டீம்னு எழுதுனேன். அதுல அந்தப் புள்ளையும் சேத்திதானே?

நோட்டு என்ர டிராயர்லதான் இருக்குது. கிழிச்சுப் போடலீங்க. அந்த மாதிரி ஆளு இல்லீங்க நான்.

வேலையை உட்டு நிறுத்திட்டாங்க. சிங்காநல்லூர்ல வாடகைக்கு இருந்தாங்க. நாலஞ்சு எடத்துல வேலை கேட்டுச்சு. ஒரு காலேஜ், ரெண்டு ஆஸ்பத்திரி. அவங்க எனக்குப் போன் பண்ணி விசாரிப்பாங்க. நான் என்ன சொல்ல முடியும்? ரிப்போர்ட்டுல இருக்கறதைச் சொன்னேன். கூட நல்ல புள்ளைன்னும் சொன்னனுங்க. எல்லாருகிட்டயும் சொன்னேன், கை சுத்தமான புள்ளைன்னு. ஒருத்தரும் எடுக்கலை. அப்புறம் புருசன் ஊருக்கே போயிட்டாங்க.

தண்ணி குடுங்க சித்த. தேங்க்ஸுங்க.

இப்ப ஒரு வருசமாச்சு. கிட்டுசாமி சம்சாரம் கேஸ் போட்டிருக்குது. அவங்க வக்கீலு வெளியில இருந்து ஒரு ஆளைக் கூட்டியாந்து, சுவிட்ச்சுல பதிஞ்சு கெடக்கறதையெல்லாம் படிக்க வெச்சிருக்காரு. அந்த ஆளு கேட்டது ஒரே கேள்வி. 'இந்தப் போர்ட்டெல்லாம் இப்படித் தொறந்து கெடக்கோணும்னு முடிவு பண்ணுனது யாரு?' எங்க ஆபீஸ்ல என்ன நெனச்சாங்கன்னா, வசந்தாமணிகிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டாத் தேவலை. யாரையும் கேக்காம நானாத்தான் போட்டேன்னு. யாரு போறதுன்னு பேச்சு வந்தப்ப, நானே போறேன்னுட்டேன். நமக்குப் பழகுன புள்ள. வேற ஆளு போயி மெரட்டுனாப்பல ஆயிரக் கூடாதில்லீங்க?

அதுக்குத்தான் இன்னைக்குப் போனேன்.

தென்னநார் மில்லுல வேலைக்குப் போகுதுங்க இப்ப. களத்துல நாரு காயப் போடற வேலை. சனிக்கிழமை அரை நாளு. நான் போயி அரை மணி நேரம் கழிச்சு வந்துச்சு. தலையெல்லாம் நாரு. கையெல்லாம் செவந்து கெடக்குது. என்னையப் பாத்ததும், "வாங்க சார்"னு சிரிச்சுச்சு. ஒம்பது வருசம் எப்படி வாங்க சார்னு சொல்லுச்சோ அதே மாதிரி. புருசன் கொழந்தைவேலு சேர் எடுத்துப் போட்டாரு.

டீ குடிச்சோம். என்ர புள்ளைகளை விசாரிச்சுது. லேப்ல ஆரு இருக்கறாங்க, கேண்டீன் அக்கா நல்லா இருக்குதான்னு கேட்டுச்சு. அப்புறம் நான் கடுதாசியை எடுத்துக் குடுத்தேன். ரெண்டு தரம் படிச்சுது. "யாரையும் கேக்காம"ங்கற எடத்துல வெரலை வெச்சுது.

"சார், ஒண்ணு கேக்கறேன், சொல்லுவீங்களா?"

வேலை கேக்கப் போகுதுன்னு நெனச்சேன். எம்.டி.கிட்டப் பேசிப் பாக்கறேன்னு சொல்ல வாயெடுத்தேன்.

"அந்தப் போர்ட்டெல்லாம் மூடிட்டீங்களா?"

"எந்தப் போர்ட்டு?"ன்னேன். தெரிஞ்சுதான் கேட்டேன்.

"முந்நூத்திப் பன்னெண்டும்."

"மூடியாச்சு."

"தானா ட்ரங்க் ஆகறது? பட்டியல் தானா மாத்திக்கறது?"

"எல்லாம் நிறுத்தியாச்சு அம்மிணி. போன வருசமே."

அவ்வளவுதானுங்க. முந்தானையை வாயில அடைச்சுட்டு அழுக ஆரம்பிச்சிருச்சு. விசாரணையில அழுகாத புள்ள. வேலையை உட்டு அனுப்புனப்ப அழுகாத புள்ள.

"ஒரு வருசமா சார். ரோட்டுல ஆம்புலன்ஸ் போனா, இன்னைக்கு எவனாச்சும் எதையாச்சும் சொருகியிருப்பானோன்னு நின்னு பாப்பேன். சார்கிட்டப் போன் பண்ணிக் கேக்கலாம்னு எடுப்பேன், வெச்சுருவேன். அந்தக் கண்டக்டர் அய்யா வீட்டுக்குக் கருமாதிக்குப் போனேன் சார். வாசல்லயே நின்னுட்டு இருந்தேன். அந்தம்மா யாருன்னு தெரியாமயே கூப்பிட்டு எலை போட்டுருச்சு. சாப்பிட்டுட்டு வந்தேன். சொல்ல முடியலை சார். நாந்தான் சொருகுனேன்னு என்னால சொல்ல முடியலை."

பேனா கேட்டுச்சு.

கொழந்தைவேலு அப்பத்தான் வாயைத் தொறந்தாரு. "போடாத வசந்தா. கேட்டுட்டுத்தான் போட்டேன்னு எங்கிட்டச் சொன்னியல்லோ? அப்ப இது பொய்யில்லையா?"

"மூடியாச்சுன்னு சொல்றாங்கல்ல. அது போதும். சொருகுனது என் கைதானே? இனி எங்கயாவது ஒரு எடத்துல இது முடியோணும்."

போட்டுச்சு. அச்சடிச்சாப்பல அதே கையெழுத்து. அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு, போயிட்டு வர்றேன்னு சொல்லக்கூட ஆளு இல்லை. அந்தப் புள்ளதான் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து ஏத்தி உட்டுச்சு. "ரொம்ப நன்றிங்க சார்"னுச்சு. எனக்கு நன்றி சொல்லுதுங்க அது.

கேஸ் அந்தப் புள்ள மேல திரும்பாதான்னு கேக்கறீங்களா? வக்கீலுக இருக்கறாங்க, பாத்துக்குவாங்க. திரும்பாதுன்னுதான் நெனைக்கறேன். திரும்பலாமுங்க. எனக்கு அந்த விவரம் தெரியாது.

இல்லீங்ணா. மூடலை.

ஒண்ணுகூட மூடலை. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்குது. எப்படிங்க மூடறது? சம்பவம் நடந்த மறுநாளு மூடுனா, தொறந்து வெச்சது தப்புன்னு நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிருமில்லீங்க? விசாரணை முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சப்ப ரிப்போர்ட்டு போயிருச்சு. அப்புறம் கேஸ் வந்துருச்சு. கேஸ் நடக்கறப்ப எதையும் தொடக் கூடாதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன், யாரும் சொல்லலை. ஒவ்வொரு நாளும் அந்த வெயிட்டிங் ஹாலைத் தாண்டித்தான் என்ர ரூமுக்குப் போறேன். அந்தச் சோபாவைப் பாக்கறதில்ல.

ஏன் மூடியாச்சுன்னு சொன்னேன்? எனக்கே தெரியலீங்க. கையெழுத்துக்காகச் சொல்லலை, அது சத்தியம். அந்தப் புள்ள மூஞ்சியைப் பாத்தேன், வாயில வந்துருச்சு. ஆனா சொன்ன ஒடனே அழுதுச்சு பாருங்க, அப்ப இல்லைன்னு சொல்லியிருக்கோணும். அப்ப ஒரு நிமிசம் இருந்துச்சுங்க. பேனா கேக்கறதுக்கு முன்னாடி.

கிணத்துக்கடவு தாண்டிட்டமா? சரி. உக்கடத்துல எறங்குனதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன். வீட்டுக்குப் போகலை. சனிக்கிழமை பொழுதோட ரூம்ல ஆரும் இருக்க மாட்டாங்க. ஒரு போர்ட்டுக்கு ஒரு நிமிசம்னாக்கூட அஞ்சேகால் மணி நேரந்தான். எல்லாத்தையும் மூடிப் போடறேன், ட்ரங்க்கைக் கையில போடறேன், பட்டியல் மாத்தறதை நிறுத்தறேன். அந்தப் புள்ள என்ன சொல்லுச்சோ அப்படியே.

கடுதாசியா? அதைத் திங்கக்கிழமை ஆபீஸ்ல குடுக்கோணும். காத்திருக்கறாங்கல்லோ.

நான் என்ன நெனைக்கறேன்னா, அந்தப் புள்ள கையெழுத்துக்குக் கீழ இன்னைக்குத் தேதி போட்டிருக்குது. நானும் இன்னைக்குள்ளயே மூடிட்டன்னா ரெண்டுக்கும் தேதி ஒண்ணாயிரும். அது கையெழுத்துப் போட்ட அன்னைக்குப் போர்ட்டெல்லாம் மூடித்தான் இருந்துச்சுன்னு ஆயிரும். அப்ப நான் சொன்னது பொய்யின்னு ஆகாதில்லீங்க?

சொல்லுங்ணா. ஆகாதில்ல?